திரைச்சீலைக்கு ரவிக்கைத் துணி

வந்துடும் சார், காபி வந்துடும். டிகாக்‌ஷன் எறங்கிக்கினு இருக்குது. எங்க வீட்டு ஃபில்டரு கொஞ்சம் நிதானமான ஃபில்டரு, ஐகோர்ட் மாதிரி. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க பாண்டியன் சார். அந்த நாற்காலி ஆடும், ஆனா விழாது.

உங்க பையன் வசந்த் தம்பி எங்க, இன்னும் கார திருப்பிக்கினு இருக்காரா? இந்தத் தெருவுல அப்படித்தான். தேரே திரும்பிடும், கார் திரும்பாது. தேருக்குக் கட்டை போட ஆள் இருக்குது, காருக்கு யாரு போடுவா. முனை வரைக்கும் போய் திரும்பிக்கினு வரட்டும், அவசரமில்ல. உங்க வீட்டம்மாவ எங்க வீட்டுக்காரி அம்சா பின்கட்டுக்குக் கூட்டினு போயிருக்கா, சும்மா நாலு புடவை பாக்கட்டும்னு. அது சீக்கிரம் முடியற வேலை இல்ல. மஞ்சள்ல ஆரம்பிப்பாங்க, பச்சை, நீலம், அரக்குன்னு ஒரு சுத்து சுத்திட்டு திரும்ப மஞ்சளுக்கே வந்து நிப்பாங்க. அதனால நம்ம ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு நேரம் இருக்குது.

பொண்ணா? சமையக்கட்டுல தான் இருக்கா. வருவா. அவளுக்கு இந்த வரன் புடிச்சிருக்குது சார், அத நான் மறைக்கல. இதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர் பையன் வந்தாரு. அரசியல் சாசனத்துல உங்களுக்குப் புடிச்ச ஷரத்து எதுன்னு இவ கேட்டா. அவரு பஜ்ஜிய பாதில வெச்சுட்டுப் போயிட்டாரு. உங்க பையன் கிட்ட போன்ல அதே கேள்விய கேட்டிருக்கா. முன்னூத்து இருபத்தாறுன்னாராம். வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு வருதே, அது. அன்னைல இருந்து எங்க வீட்ல ரேடியோ இல்லாமலே பாட்டு கேக்குது. அம்சா இது அமையணும்னு ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்த சுத்தாத நாள் கெடையாது.

அப்பறம் ஏன் வரலங்கறீங்களா? அதான் சொல்ல வரேன். பயோடேட்டால அட்வகேட்னு ஒண்டிதான் போட்டோம். எந்த கேஸுன்னு போடல. தரகர் தினகரன் அதெல்லாம் வேணாம்னுட்டாரு. இப்ப அவ, கேஸ பத்தி முழுசா சொல்லி முடிங்கப்பா, அதுக்கு அப்பறம்தான் நான் தட்ட தூக்கிக்கினு வருவேன்னு உள்ள உக்காந்துக்கினா. வியாழக்கிழமை கேஸு வருது. மனுதாரர் நான். வக்கீல் அவ. எதிர்மனுதாரர் சட்டசபை.

என்னா சார், தண்ணி வேணுமா? இந்தாங்க. மெதுவா, மெதுவா. பொரை ஏறிக்கப் போவுது.

பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல கோர்ட்டுக்குப் போறது கல்யாணத்துக்குப் போற மாதிரி. கோயில் யானைக்கு எந்த நாமம் போடறதுன்னு வெள்ளைக்காரன் காலத்துல லண்டன் வரைக்கும் வழக்கு போச்சுன்னு சொல்லுவாங்க. நெசமா பொய்யா தெரியாது. ஆனா கேக்கற எவனும் இருக்காதுன்னு சொன்னது கெடையாது, அதான் எங்க ஊரு. அப்படிப்பட்ட ஊர்ல பொறந்துட்டு சட்டசபை மேல கேஸ் போட்டது பெரிய விஷயமா சொல்லுங்க.

நான் பட்டு ஆர்டர் எடுத்து நெய்யக் குடுக்கறவன். தினகரன் சொல்லியிருப்பாரு. எங்கப்பா வரைக்கும் முசரவாக்கத்துல ஏர் ஓட்டினாங்க, நான்தான் இந்தப் பக்கம் வந்துட்டேன். படிப்பு பத்தாவது. ஆனா படிக்கறது நிறுத்தல. அந்த அலமாரில அட்டை போட்டு வெச்சிருக்கறது ராமாயணம்னு நினைச்சுக்கினு போன வாரம் ஒருத்தர் கண்ணுல ஒத்திக்கினாரு. அரசியல் சாசனம் சார் அது. நானும் தடுக்கல. ஒத்திக்கட்டும், நல்லதுதானே.

சட்டசபை மண்டபத்துல பெரிய பெரிய ஜன்னல் இருக்குதில்ல, அதுக்குக் காஞ்சிப் பட்டுல திரைச்சீலை போடணும்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு ஒரு குழு. ஆர்டர் என் கைக்கு வந்துது. எங்க தெருவே வந்து பாத்துது. சட்டசபைக்கு நெய்யறதுன்னா சும்மாவா. உசரமான ஜன்னல், தரைய தொடணும், நீளம் கிட்டத்தட்ட ஒரு புடவை நீளம். இந்தப் புடவை நீளங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்லா வம்பும் அதுலதான் வந்துது.

ஆனா மொதல் வம்பு டிசைன்ல. மாங்கா பூட்டா, அதான் ஜரிகைல சின்னச் சின்ன உருவம், போட்டு அனுப்பினேன். அது ஒரு கட்சியோட சின்னம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தாமரை போட்டேன், நீங்க வேணும்னே செய்யறீங்களான்னு போன்லயே கேட்டாரு ஒருத்தரு. யானை போட்டேன், அதுவும் ஒரு கட்சிதாம். சரின்னு வெறும் வட்டம் போட்டேன், சுத்திக் கதிர் மாதிரி இருக்குதேன்னாங்க. கதிர் இல்லங்க, ஜரிகை அப்படித்தான் மின்னும்னேன். மின்னாத ஜரிகை கெடைக்குமான்னு கேட்டாங்க. அப்பறம் கொடி போட்டேன். கொடின்னா இலை இருக்கும் இல்ல சார். ஒக்காந்து எண்ணிப் பாத்து, இலை ஜோடி ஜோடியா வருதுன்னு அடிச்சுட்டாங்க. பட்டுல போடற உருவத்த எல்லாம் கட்சிக்காரங்க எடுத்துக்கினு போயிட்டாங்க. மிச்சம் இருந்த குடம், விளக்கு, மணி எல்லாம் சுயேச்சைங்க கிட்ட.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்து யோசிச்சுக்கினு இருந்தேன். செவுத்துல இருந்து ஒண்ணு கத்துச்சு. அதான் சார், பல்லி.

சிரிக்காதீங்க. காலைல வரதராஜர் கோயில்ல தொட்டுட்டு வந்தீங்களே, தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி, அதே ஜோடிய பூட்டாவா போட்டேன். தங்க ஜரிகைல ஒண்ணு, வெள்ளி ஜரிகைல ஒண்ணு. பல்லி எந்தக் கட்சிக்கும் சின்னம் கெடையாது, தேடிப் பாத்துட்டேன். அதோட நாம பேசறப்ப பல்லி கத்துச்சுன்னா பேசினது நெசம்னு சொல்லுவோம் இல்ல, அது சட்டசபைல இருந்தா நல்லதுதானேன்னு குறிப்பும் எழுதினேன். குறிப்ப யாரும் படிக்கல போல, டிசைன் பாஸாயிடுச்சு. ஒலகத்துல வேற எந்தப் பட்டுலயும் பல்லி கெடையாது சார். யாரு கட்டிப்பா. ரோட்ல போறப்ப முதுகத் தட்டி விடுவாங்க.

நெய்யறதுக்கு திருப்புட்குழி தாவீது கிட்ட குடுத்தேன். கை சுத்தம், வாய் சுத்தம், வேலைல குத்தம் சொல்ல முடியாது. இது புடவை இல்லப்பா, திரைச்சீலைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தலையாட்டினாரு. கடைசில கொண்டாந்து விரிச்சாரு. மயில் கழுத்து நெறம், பல்லிங்க ஓடற மாதிரியே இருந்துது. அப்படியே கண்ண கீழ எறக்கினேன். புடவைக்குப் போடற முந்தி இருந்துது. சரி, முந்தி அழகுதானேன்னு மனச தேத்திக்கினேன். முந்திக்குக் கீழ பாத்தேன். அரக்குல ரவிக்கைத் துணி, பல்லி ஜோடியோட.

திரைச்சீலைக்கு எதுக்குப்பா ரவிக்கைன்னேன். தாவீது சொன்னாரு, நான் சாதாவா தான்ணா நெய்ஞ்சேன், அந்த நீளம் வந்ததும் கை தானா முந்திக்குப் போயிடுச்சு, முந்தி முடிஞ்சதும் கை தானா ரவிக்கைக்குப் போயிடுச்சு, நான் தடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னு. ஒண்ணுல ஒண்டி இல்ல சார். எல்லாத்துலயும். அவரோட மச்சான் தறிலயும் அப்படியே. புடவை நீளம் வந்தா புடவை தான் வரும்.

இல்ல சார், தாவீது மேல தப்பு சொல்லவே மாட்டேன். நீளம் சரியா இருந்துது. ரவிக்கையும் சேத்துதான் தரைய தொடற நீளம். அனுப்பறப்பவே தெளிவா சொல்லி அனுப்பினேன், கீழ அரக்கா ஒரு பட்டை வரும், அத வெட்டிடாதீங்க, வெட்டினா குட்டையாயிடும்னு. பாக்க வந்த அதிகாரி முந்திய ரெண்டு தபா தடவிப் பாத்துட்டு பேஷ் பேஷ்னுட்டு கையெழுத்துப் போட்டாரு.

மாட்டினாங்க. மாட்டின அன்னைக்கு சபைக்கு வந்தவங்க எல்லாம் மேல பாக்காம கீழயே பாத்துக்கினு நின்னாங்களாம். ஒரு அம்மா உறுப்பினர், நல்ல விவரமானவங்க, நேரா போய் முந்திய கைல எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, இது எந்தக் கடைன்னு கேட்டாங்களாம். எதிர்க்கட்சில ஒருத்தரு, சபைல புடவை காயப் போட்டிருக்காங்கன்னு பேசினாராம், அத அவைக் குறிப்புல இருந்து எடுத்துட்டாங்களாம். பேச்ச எடுத்துட்டாங்க. புடவைய எடுக்க முடியல.

அந்த ரவிக்கைதான் கண்ண உறுத்துதுன்னு யாரோ முடிவு பண்ணி, ஒரு நாள் கத்திரிக்கோல் எடுத்து எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யார் பேரையும் சொல்லல. வெட்டினதும் என்னாச்சு, திரை குட்டையாயிடுச்சு. தரைக்கும் திரைக்கும் நடுவுல இடைவெளி. பின்னால நின்னு போன் பேசறவங்க காலெல்லாம் தெரியுது. எந்த செருப்பு எந்தக் கட்சின்னு பத்திரிகைக்காரங்க கண்டுபிடிச்சுடறாங்க. அதனால என்னா பண்ணாங்க, ஒட்டுப் போட புதுசா துணி வாங்க உத்தரவு போட்டாங்க. இருந்தத வெட்டிட்டு, வெட்டினதுக்கு பதிலா வாங்கறாங்க சார். ரெண்டு தபா செலவு. அது என் காசு, உங்க காசு, தாவீது காசு.

ஃபேன கொஞ்சம் வேகமா வைக்கட்டுமா? உங்களுக்கு வேர்க்குது. ஆமா, காஞ்சிபுரம் வெய்யிலே ஒரு மாதிரிதான், நிழல்ல உக்காந்தாலும் வந்து கேக்கும்.

நான் மொதல்ல கேஸ் போடணும்னு நினைக்கவே இல்ல. மரியாதையா எழுதிக் கேட்டேன். ஐயா, வெட்டின துணிய எல்லாம் திருப்பி ஒட்டிக்கலாம், தாவீது வந்து காசு வாங்காம தைச்சுத் தருவாரு, புதுசா வாங்க வேணாம், அந்தத் துண்டுங்க எங்க இருக்குதுன்னு ஒண்டி சொல்லுங்கன்னு. பதிலே இல்ல. தகவல் அறியும் சட்டத்துல கேட்டேன். கேட்கப்பட்ட தகவல் பேரவையின் சிறப்புரிமைக்கு உட்பட்டதுன்னு வந்துது. ரவிக்கைத் துணிக்கு சிறப்புரிமை. அத படிச்சதும் எங்க பொண்ணு ஜெயப்ரியா முகத்த பாக்கணுமே நீங்க. அப்பதான் கவுன் வாங்கி சீனியர் ஒருத்தர் கிட்ட சேந்திருந்தா. கேஸே இல்லாம அந்தக் கவுன தோய்ச்சுத் தோய்ச்சுக் காயப் போட்டுக்கினு இருந்தவ. அப்பா, இது என் கேஸுன்னா.

கோர்ட்ல மொதல் நாள் அவங்க தரப்புல பெரிய வக்கீல். எழுந்ததுமே ஷரத்து இருநூத்து பன்னண்டுன்னாரு. சபைக்குள்ள நடக்கறத எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது, அவ்வளவுதான்னு உக்காந்துட்டாரு. அந்த ஷரத்து எனக்குத் தெரியும், அவரு சொன்னது பாதி சரி. நான் வீட்லயே சொன்னேன், இதுல தான்மா மாட்டிக்குவோம்னு. எங்க பொண்ணு எழுந்து நின்னா. கவுன் தோள்ல இருந்து நழுவிக்கினே இருக்குது, அதையும் புடிச்சுக்கினு நிக்கறா. அவ சொன்னத அப்படியே சொல்றேன், எனக்கு மனப்பாடம். ஐயா, சபைக்குள்ள என்னா நடக்குதுன்னு நாங்க கேக்கல, திரைச்சீலை உள்ள தொங்குது, அது அவங்க உரிமை, தொங்கட்டும், ரவிக்கைத் துணியும் உள்ளதான் இருக்குதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், நாங்க இப்பவே வாபஸ் வாங்கிக்கறோம், வெளிய போயிருந்தா ஒண்டி அது எந்த வழியா போச்சுன்னு சொல்லட்டும்.

மூத்த நீதிபதி மூக்குக் கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு. பக்கத்துல இருந்த அம்மா நீதிபதி குனிஞ்சு என்னாத்தையோ எழுதினாங்க, தோளு ஒண்டி குலுங்கிக்கினே இருந்துது. பெரிய வக்கீல் எழுந்தாரு, உக்காந்தாரு. பதில் மனு போட டைம் கேட்டாரு.

பதில் மனு வந்துது. அங்கதான் சார் ஆப்பு. அதுல என்னா சொல்லியிருக்காங்க, திரைச்சீலைக்கு ரவிக்கைத் துணி இருக்கும்ங்கறதே நகைப்புக்குரியது, அப்படி ஒரு துணி எப்பவுமே இருந்தது கெடையாது, மனுதாரர் விளம்பரத்துக்காக இட்டுக்கட்டிச் சொல்றாருன்னு. கேக்கறவங்களுக்கு நியாயமாத்தான் படும். எந்த ஊர்ல திரைச்சீலைக்கு ரவிக்கை இருக்குது. எங்க ஊர்ல ஒண்டிதான் இருக்கும், அத எப்படி சாட்சி சொல்லறது. தாவீது சொல்றேன்னாரு, நெய்ஞ்சவரு சொல்றது எடுபடாது. நான் வித்தவன், நான் சொல்றதும் எடுபடாது. பில்லுல திரைச்சீலைன்னு ஒண்டிதான் போட்டிருக்குது. சாம்பிளுக்கு ஒரு துண்டு வெச்சுக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. நீதிபதி சொல்லிட்டாரு, ஒரே ஒரு துண்டு கொண்டாந்து காட்டுங்க, மிச்சத்த நாங்க கேக்கறோம், இல்லாட்டி வியாழக்கிழமை தள்ளுபடின்னு.

தள்ளுபடியானா எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் பட்டு வித்துக்கினு போயிடுவேன். அவளுக்கு இது மொதல் கேஸு. இட்டுக்கட்டின கேஸு போட்ட வக்கீல்னு பேரு வந்துட்டா அந்தக் கவுன மறுபடியும் காயத்தான் போடணும். ரெண்டு வாரமா சோறு எறங்கல. உங்க பையன் போன் பண்ணா ஒண்டிதான் முகத்துல சிரிப்பு வரும்.

உக்காருங்க சார், ஏன் எழுந்துட்டீங்க. நேரமாச்சா? கார் இன்னும் திரும்பலையே. உங்க வீட்டம்மாவ கூப்பிடறீங்களா? வேணாம் சார், ஒரு நிமிஷம். நான் முடிச்சுடறேன். இதுக்கு மேல கொஞ்சம்தான் இருக்குது.

தினகரன் சொல்றப்ப கவர்மென்ட் உத்தியோகம், பராமரிப்புப் பிரிவுன்னாரு. எதப் பராமரிக்கறாங்கன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. கட்டடம்னு நீங்க வந்ததும் சொன்னீங்க. நல்லது. கட்டடம்னா ஜன்னல் இருக்கும், ஜன்னல்னா திரை இருக்கும். நான் ஒண்ணும் கேக்கல சார், சும்மா சொல்லிக்கினு போறேன்.

நீங்க உள்ள வந்தப்ப உங்க வீட்டம்மா செருப்ப கழட்டக் குனிஞ்சாங்க, முந்தானை கொஞ்சம் ஒதுங்கிச்சு. அப்பறம் எங்க சாமி படத்துக்கு நேரா திரும்பிக் கும்பிட்டாங்க. நல்ல அம்மா சார், பாத்ததுமே தெரியுது. எல்லாருக்கும் முன்னாடி சாமியத்தான் பாத்தாங்க. எனக்குப் பின்னால நின்ன அம்சா அவங்க முதுகப் பாத்தா. பாத்துட்டு என் கைய கிள்ளினா. நானும் பாத்தேன்.

உங்க வீட்டம்மா முதுகுல ரெண்டு பல்லி இருக்குது சார். பதறாதீங்க, உசுரோட இல்ல. வலது தோள்ல தங்க ஜரிகை, இடது தோள்ல வெள்ளி ஜரிகை. அரக்குல.

நல்லாத்தான் தைச்சிருக்காங்க. பல்லி வெட்டுப்படாம ரெண்டு பக்கமும் சமமா வர மாதிரி தைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. காஞ்சிபுரம் போறோமே, பல்லி கோயில் ஊராச்சே, பொருத்தமா இருக்கும்னு எடுத்துப் போட்டுக்கினு வந்திருப்பாங்க. அவங்களுக்கு எங்க தெரியும். வீட்ல யாரோ பட்டுத் துண்டு கொண்டாந்து குடுத்தாங்க, தைச்சாங்க. குடுத்தவருக்குத்தான் தெரியும்.

இல்ல சார், நான் உங்கள திருடன்னு சொல்லவே இல்ல. அந்த வார்த்தை என் வாய்ல இருந்து வரல, நீங்கதான் சொல்றீங்க. ஆமா. ஆமா. உங்க பிரிவுல ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுன்னு பிரிச்சுக் குடுத்தாங்களா? தீபாவளிக்கா? குப்பைக்குத்தான் போவுதுன்னு சொன்னாங்களா. நம்பறேன் சார். பட்டு குப்பைக்குப் போறத யாரு பாத்துக்கினு இருப்பா. நானா இருந்தாலும் எடுத்தாந்திருப்பேன். அப்பறம் பதில் மனுல அப்படி ஒரு துணியே கெடையாதுன்னு எழுதிட்டாங்க, அதுக்கு அப்பறம் யாரும் வாய தொறக்க முடியல. இருக்குதுன்னு சொன்னா எங்க இருக்குதுன்னு கேப்பாங்க. புரியுது.

இப்ப காபிக்கு வரேன். எங்க வீட்டம்மா நேரா சமையக்கட்டுக்குப் போய் பொண்ணு கிட்ட சொல்லிட்டா, தண்ணி எடுக்கற சாக்குல நானும் பின்னாலயே போனேன். அவ ஒடனே கண்ண மூடிக்கினா சார். நெசமாத்தான், கண்ண மூடிக்கினுதான் உள்ள உக்காந்திருக்கா. அம்மா சொன்னது காதால கேட்டது, அது சாட்சியம் ஆகாது, நான் என் கண்ணால பாத்தாதான் பாத்ததுங்கறா. இன்னும் அவ எதையும் பாக்கல. தட்ட தூக்கிக்கினு வந்து உங்க வீட்டம்மாவுக்கு காபி குடுத்தான்னா பாத்துடுவா. பாத்துட்டா வியாழக்கிழமை கோர்ட்ல பாக்கலன்னு சொல்லமாட்டா. அது அவ பொறப்புலயே கெடையாது.

முதுக மூடிக்கினா போவுது, உங்க வீட்டம்மாவ முந்தானைய தோள சுத்திப் போத்திக்கச் சொல்லலாம்னு அம்சா சொன்னா. சொல்லலாம். அப்ப காபிய அம்சாவே கொண்டாருவா, குடிச்சுட்டு நல்லபடியா கெளம்பலாம், எங்க வீட்ல இருந்து ஒரு சத்தம் வெளிய வராது. நானும் மறந்துடுவேன், எனக்கு வயசாயிடுச்சு. வியாழக்கிழமை கேஸ் தள்ளுபடி. ஆனா கல்யாணம் வேணாங்கறா. பாக்காத மாதிரியே ஒரு வீட்ல எப்படிப்பா காலம் பூரா வாழறதுன்னு கேக்கறா. உங்களுக்கு பதில் தெரிஞ்சா சொல்லுங்க, நான் உள்ள போய் சொல்றேன்.

இல்லாட்டி அவ வரா. கண்ணால பாக்கறா. நீங்களே வியாழக்கிழமை ஒரு எட்டு கோர்ட்டுக்கு வந்து, இதோ இருக்குது, எங்களுக்கெல்லாம் குடுத்தாங்கன்னு சொல்லிட்டா ஒருத்தர் மேலயும் பழி இல்ல, இருக்கறவங்க எல்லாரும் கொண்டாந்து குடுத்துடுவாங்க, தாவீது உக்காந்து ஒட்டிக் குடுத்துடுவாரு, திரை தரைய தொட்டுடும். வேலைக்கு என்னா ஆவும்னு கேக்கறீங்களா. தெரியாது சார். பொய் சொல்லி உங்கள தேத்தமாட்டேன். கொஞ்ச நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாங்க. வேற எடத்துக்கு மாத்தினாலும் மாத்துவாங்க. ஆனா உங்களுக்காக நிக்க ஒரு வக்கீல் இருப்பா, பீஸ் கேக்கமாட்டா. மருமகளா வரவ மாமனார் கிட்ட எப்படி பீஸ் கேப்பா.

தைச்ச ரவிக்கைய எப்படித் திருப்பிக் குடுக்கறதா? அதுக்கா யோசிக்கறீங்க. தையல பிரிச்சா துணி துணிதானே. உங்க வீட்டம்மாவுக்கு நான் வேற நெய்யச் சொல்றேன். பல்லி வேணாம். மாங்கா போடறேன், ரவிக்கைக்குக் கட்சி கெடையாது.

அதோ, பின்கட்டுல இருந்து பேச்சு சத்தம் கிட்ட வருது. மஞ்சளுக்கே திரும்பி வந்துட்டாங்க போல. கூடத்துக்கு வந்துடுவாங்க சார். இப்பவே போத்திக்கச் சொல்றதுன்னா நீங்கதான் எழுந்து போய் சொல்லணும், நான் சொன்னா மரியாதையா இருக்காது.

என்னா சார்? கொஞ்சம் சத்தமா. சர்க்கரையா? உங்களுக்கு சர்க்கரை இல்லாமலா?

அப்ப காபி குடிக்கறீங்க.

அவ கையாலயே தானே? சரி சார். சரி.

ஜெயப்ரியா, காபி எடுத்துக்கினு வாம்மா. மாமாவுக்கு ஒண்டி சர்க்கரை போடாத. கண்ண தொறந்துக்கினே வா.